பச்சை மூங்கில் சாரம்

சாரத்தில் ஏறி வேலை செய்கிறவன் ஒரு தடவை விழுந்தால் முடிந்தது. சாரத்தைப் பற்றிப் பேசுவதையே வேலையாக வைத்திருப்பவன் தினமும் விழ வேண்டும்.

நான் இரண்டாவது வகை. கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் கொடி பிடித்து, கோஷம் போட்டு, லத்தியடியும் வாங்கித் தலை நரைத்தவன். பள்ளிக்கூடம் எனக்கு அதிகம் வாய்க்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்ததே சங்கத்துத் துண்டறிக்கைகளில்தான். பிறகு அந்தத் துண்டறிக்கைகளை எழுதுகிற ஆளாகவும் ஆனேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். போளூர் டீக்கடைகளில் அவற்றில்தான் வடை மடித்துத் தருகிறார்கள், அதையும் மறைக்க மாட்டேன். ஆடுகிற சாரத்தில் ஏறாதே என்று நான் எழுதிய வரியை எண்ணெய்க் கறையோடு எத்தனையோ பேர் கையில் பார்த்திருக்கிறேன்.

ஒரே நல்ல விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, திரும்பத் திரும்பச் சிரிப்பு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். இதில் வருவதெல்லாம் ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், மாணவர் விடுதி ஒன்று கட்டுகிற இடத்தில் நடந்தவை. ஒரே கட்டடம், ஒரே வடக்குச் சுவர், ஒரே சாரம்.

இலை துளிர்த்த சாரம்

போளூரில் பஸ் ஏறி, மலைமேல் ஜீப் மாறி, மீதி தூரத்தை நடந்து போய்ச் சேர்ந்தேன். மாடிச் சுவருக்கு வெளிப்பூச்சு நடந்துகொண்டிருந்தது. சாரத்தின் உச்சியில் கோவிந்தன் என்கிற உள்ளூர்க்காரர் கரண்டி பிடித்து நின்றார். அவர் மனைவி மல்லிகா கலவைச் சட்டியோடு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள். சாமை அறுப்பு முடிந்ததும் மலைக்காரர்கள் இப்படிக் கட்டட வேலைக்கு வருவது வழக்கம். அதில் எனக்கு அதிர்ச்சி இல்லை. அதிர்ச்சி, சாரத்து மூங்கிலில் இருந்தது. அதன் கணுக்களில் இலை துளிர்த்திருந்தது.

சாரம் கட்டுகிற மூங்கில் காய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சையாக வெட்டிக் கட்டினால், அது வெயிலில் காயக் காய மெலியும். கயிறு மெலியாது. இன்றைக்கு இறுக்கமாக இருக்கிற முடிச்சு பத்துப் பதினைந்து நாளில் தொளதொளவென்று ஆகிவிடும். வடக்கு மூலையில் ஒரு முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். கயிற்றுக்கும் மூங்கிலுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போய் வந்தது.

மேஸ்திரி பெருமாள் திருப்பத்தூர்க்காரர். நல்ல வேலைக்காரர்தான். வெட்டிய மூங்கிலை அடுக்கி வைத்துக் காயவிட்டுக் கட்டினால் என்ன என்று கேட்டேன். அனுமதி இல்லாமல் காட்டில் வெட்டியது அது; அடுக்கி வைத்தால் வனக்காவலர் கேள்வி கேட்பார். அதனால் விடியற்காலையில் வெட்டி, வெயில் ஏறுவதற்குள் சாரமாக நிறுத்திவிடுகிறார்கள். மூங்கிலை ஒளித்து வைக்கிற இடமே சாரம்தான். இதை அவர் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் விளக்கினார். "கீழ படுத்துனு இருந்தாத்தான் அது மூங்கிலு நோட்டீஸ்காரரே. நட்டு நிக்க வச்சிட்டா அது கட்டடம். கட்டடத்த எவன் கேப்பான்?"

சேவல் கொடுத்த கம்பம்

சாரத்தின் முதல் கம்பத்தடியில் இரத்தம் காய்ந்து கிடந்தது. பக்கத்தில் இறகுகள். யாருக்காவது அடிபட்டதா என்று பதறிக் கேட்டேன். சாரம் நடுகிற அன்று சேவல் அறுத்திருக்கிறார்கள். எல்லா ஊரிலும் செய்வதுதான், நான் அதற்குச் சண்டை போடுகிறவன் இல்லை. ஆனால் அதே கம்பத்தில், மேலே, கண்ணேறு படாமலிருக்க ஒரு பூசணிக்காய்ப் பூதம் தொங்கியது. நாக்கைத் தொங்கப் போட்டு, மீசை வைத்து. அதைக் கட்டியிருந்தது புத்தம்புதிய நைலான் கயிறு. கோவிந்தன் நின்ற பலகையைத் தாங்கிய குறுக்கு மூங்கிலைக் கட்டியிருந்தது, ஏற்கெனவே வேறு ஏதோ கட்டடத்தில் உழைத்து நைந்துபோன நார்க்கயிறு.

கோவிந்தனைக் கீழே வரவழைத்து இரண்டு கயிற்றையும் காட்டினேன். அவர் பூதத்தையும் பார்த்தார், தன் பலகையையும் பார்த்தார். வாயில் இருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "சேவலு குடுத்தாச்சுங்க. இனிமே அது எங்க உசுர இன்னாத்துக்குக் கேக்கப் போவுது?"

பூட்டிய தலைக்கவசம்

தலைக்கவசம் இல்லாமல் வேலை நடக்கக் கூடாது என்று கட்டடத்து வாசலில் உட்கார்ந்துவிட்டேன். மல்லிகாவும் இன்னும் சில பெண்களும் சட்டியைக் கவிழ்த்துப்போட்டு என்னோடு உட்கார்ந்தார்கள். மாலைக்குள் காண்டிராக்டர் போனிலேயே பணிந்துவிட்டார். அடுத்த நாள் ஜீப்பில் ஒரு மூட்டை மஞ்சள் தலைக்கவசம் வந்து இறங்கியது. அன்று நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் மலை இறங்கினேன்.

அடுத்த வாரம் போனபோது ஒருவர் தலையிலும் ஒன்றும் இல்லை. மல்லிகாவிடம் கேட்டேன். "எங்கிட்ட ஒண்ணு கீதுண்ணா" என்று எடுத்து வந்து காட்டினாள். அதில் கொட்டை எடுத்த புளி நிரம்பியிருந்தது. மற்றவை எங்கே என்றால், சிமெண்ட் அறையைக் கை காட்டினாள். எல்லாம் பாலித்தீன் உறை பிரிக்காமல் உள்ளே பூட்டி இருந்தன. மேஸ்திரியைத் திறக்கச் சொன்னேன். அவர் என்னை விவரம் இல்லாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இப்பவே போட்டு அழுக்காயிட்டா, ஆபீசரு வர்ற அன்னிக்கு இன்னாத்தப் போடறது?"

கொக்கி இல்லாத வார்

தலைக்கவசத்தோடு இடுப்பு வாரும் வந்திருந்தது. தோல் வார். கையில் எடுத்தபோதே எனக்கு என்னவோ போலிருந்தது. உயரத்தில் கட்டுகிற வார் என்றால் அதில் ஒரு கயிறும், கயிற்று முனையில் கொக்கியும் இருக்க வேண்டும். கொக்கியை உறுதியான ஒன்றில் மாட்டினால்தான் கால் தவறினாலும் ஆள் அந்தரத்தில் தொங்குவான். இதில் கயிறும் இல்லை, கொக்கியும் இல்லை. திருவிழாவில் வாங்குகிற பெல்ட் இதைவிட உறுதி.

வாணியம்பாடியில் எனக்குத் தெரிந்த இஸ்மாயில் பாய் கடையில்தான் அது தைத்தது என்று கேள்விப்பட்டு நேரே போய்விட்டேன். தோல் கழிவில் பை, பெல்ட் தைத்து விற்பவர். ஏன் பாய் இப்படி என்று வாரை மேஜைமேல் போட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை மாட்டிக்கொண்டு ஆட்கள் மாடி உயரத்தில் நிற்கிறார்கள் என்று நான் சொன்னதும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ஏதோ நாடகத்துக்கு என்று நினைத்தாராம். "நானே கேட்டேன் தோழர், கொக்கி வேணாமான்னு. போட்டோவுல வாரு தெரிஞ்சா போதும் பாய், கொக்கி எப்டியும் முதுவுக்குப் பின்னால போய்டும்னுட்டாரு காண்டிராக்டரு."

விழுந்த பிறகு

மலையில் பனி முடிந்து வறட்டுக் காற்று அடிக்க ஆரம்பித்திருந்தது. சாரத்து மூங்கிலில் துளிர்த்த இலையெல்லாம் கருகி உதிர்ந்துவிட்டது. பச்சை நிறம் மஞ்சளாகிவிட்டது. அதாவது, மூங்கில் மெலிந்துவிட்டது. அன்று காலை நான் கீழே நின்று துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தேன். மேலே பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. குறுக்கு மூங்கில் முடிச்சிலிருந்து நழுவி, கம்பத்தை ஒட்டி வழுக்கிக்கொண்டு இறங்கியது, அவ்வளவுதான். பலகை ஒரு பக்கம் சரிந்தது. கரண்டி முதலில் விழுந்தது, பிறகு கோவிந்தன். ஜல்லிக் குவியலில் இடுப்பு பட விழுந்தார். ஏணியில் பாதி உயரத்தில் இருந்த மல்லிகா கலவைச் சட்டியைக் கீழே போடவில்லை. தலையில் வைத்தபடியே இறங்கி வந்து, ஓர் ஓரமாகச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, அதன் பிறகுதான் அவரிடம் ஓடினாள். கை அப்படிப் பழகியிருக்கிறது.

நான் ஜீப்பைக் கூப்பிட ஓடினேன். மேஸ்திரி வேறு பக்கம் ஓடினார். பாயோ பலகையோ எடுத்து வரத்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன். சிமெண்ட் அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் ஒரு தலைக்கவசம். பாலித்தீன் உறையைப் பல்லால் கிழித்து, தரையில் கிடந்து முனகுகிறவரின் தலையைத் தூக்கி, அதை மாட்டினார். தாடைக்குக் கீழே பட்டையும் போட்டார்.

மேடை மேடையாகப் பேசியவன் நான். மல்லிகாதான் அந்தத் தலைக்கவசத்தைப் பிடுங்கி எறிந்தாள். அது உருண்டு போய்க் கம்பத்தடியில் நின்றது, சேவல் இரத்தத்தின் பக்கத்தில். மேஸ்திரி கிழிந்த பாலித்தீன் உறையை மடித்துக்கொண்டே நின்றார். கெட்ட எண்ணத்தில் செய்தார் என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. "ஆஸ்பத்திரில கேப்பாங்கம்மா. போட்டுனு இருந்தாருன்னு சொல்லணுமில்ல?"

வரைபடத்தில் இல்லாதது

கோவிந்தன் பிழைத்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நான் கட்டடத்தின் முன்னால் கொடி நட்டு, இந்தச் சாரத்தைப் பிரிக்காமல் ஒருவரும் ஏறக் கூடாது என்றேன். இரண்டு நாள் கழித்து ஓர் இளம் என்ஜினீயர் வந்தார். மரியாதையான மனிதர். என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றார். வரைபடத்தை விரித்துச் சுவரின் கனம், கம்பியின் கனம், கலவையின் விகிதம் எல்லாம் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தன. நூறு வருடம் நிற்கும் என்றார். நான் நம்பினேன்.

சாரம் எங்கே என்று கேட்டேன். எதில் என்றார். இதில் என்றேன். அவர் உண்மையாகவே தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு வெளியே நின்ற சாரத்தை எட்டிப் பார்த்தார், முதல் தடவையாகப் பார்ப்பவர்போல. "சாரம் பிளான்லயே இல்லீங்களே ஐயா. அது பில்டிங் முடிஞ்சா போய்டற ஒண்ணுதான?"

மல்லிகா ஏறியது

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்த ஒரு நாள் இடைவெளியில் வேலை மறுபடி தொடங்கிவிட்டது. விழுந்த மூங்கிலை அதே நைந்த கயிற்றால் அதே இடத்தில் கட்டியிருந்தார்கள். அதன் மேல், கோவிந்தன் நின்ற பலகையில், மல்லிகா நின்றுகொண்டிருந்தாள். கையில் கலவைச் சட்டி. பக்கத்தில் வேறொரு கொத்தனார்.

அவளோடு எனக்கு நல்ல சண்டை. என் பேச்சைக் கேட்டு வாசலில் உட்கார்ந்தவள் அவள். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அதே பலகையில் ஏற மனசு எப்படி வந்தது, கூலிக்காகவா என்று கத்தினேன். துரோகம் என்கிற வார்த்தையைக்கூடச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். முந்தானையால் முகத்துச் சிமெண்டைத் துடைத்தாள். "நான் வரலன்னா கீழூர்லருந்து வேற பொம்பளய இட்டுனு வந்து ஏத்துவாங்கண்ணா. எந்த எடத்துல கால் வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதில்ல."

அன்று நான் துண்டறிக்கைக் கட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. தினமும் காலையில் அந்தச் சாரத்தடியில் போய் நிற்பதுதான் என் போராட்டம் என்று ஆனது. அவள் மேலே போனதும் என் கண் அந்த முடிச்சை விட்டு நகராது. மாலையில் அவள் தரையில் கால் வைத்த பிறகுதான் நான் ஜீப்புக்கு நடப்பேன். பூச்சு வேலை இன்னும் பாதிச் சுவர் பாக்கி இருந்தது.

தலைவர் வந்தார்

திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். வேலை முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். முடியாத வடக்குச் சுவர்தான் ஊருக்குள் வருகிற வழியில் முதலில் கண்ணில் படும். அதை மறைக்கச் சுவர் அகலத்துக்கு ஒரு பிளக்ஸ் அடித்து வந்திருந்தது. அதில், விடுதியைத் திறந்துவைக்க வருகிற கட்சித் தலைவர், மாடி உயரத்துக்கு, கைகூப்பிச் சிரித்தார். அதைச் சாரத்தில் கட்டுவதாக ஏற்பாடு. அன்றுதான் காண்டிராக்டரே முதல் தடவையாக மலை ஏறி வந்தார்.

காரை விட்டு இறங்கியவர் நேரே சாரத்தடிக்கு வந்தார். கம்பத்தைப் பிடித்து ஆட்டினார். ஆடியது. கட்டை விரலால் முடிச்சை அழுத்தினார். விரல் கயிற்றுக்குள் போயிற்று. என் சுண்டுவிரல் போன அதே மூலை. இப்போது கட்டை விரல் போகிற அளவுக்கு அகலம். அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். கோவிந்தன் விழுந்த செய்தி கேட்டுக்கூட அப்படி ஆகியிருக்காது. மேஸ்திரியைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கிழி கிழி என்று கிழித்தார். பச்சை மூங்கிலில் எவனாவது சாரம் கட்டுவானா, அறிவிருக்கிறதா என்று என் துண்டறிக்கையை வரி மாறாமல் ஒப்பித்தார். மாலைக்குள் திருப்பத்தூரிலிருந்து லாரி வந்தது. இரும்புக் குழாய், இறுக்குகிற கிளாம்பு, ஆட்டம் இல்லாத பலகை, இடுப்பு உயரத்துக்குக் கைப்பிடிக் கம்பி. அடியில் இரும்புத் தட்டு வைத்து, சுவரில் துளை போட்டுப் பிணைத்து, அவ்வளவு நேர்த்தியாக ஒரு சாரத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

நான் எதற்காகக் கொடி நட்டேனோ அது கண் முன்னால் நின்றது. ஆனாலும் மனிதன் விழுந்தபோது வராத குழாய் இப்போது எப்படி வந்தது என்று அவரிடமே கேட்டேன். அவருக்கு என் கேள்வியில் கோபம்கூட வரவில்லை. "ஐயா வர்ற நேரத்துல காத்தடிச்சிப் படம் வுழுந்துச்சின்னா, அப்புறம் எம் பொழப்பு இன்னாங்க ஆவறது?"

படத்தைக் கழற்றாதே

விழா முடிந்தது. மறுநாளே குழாயை ஏற்றிப் போக லாரி வந்து நின்றது. பழைய மூங்கிலைத் தூர எறியாமல் சுவரோரம் பத்திரமாகச் சாய்த்து வைத்திருந்தார் மேஸ்திரி. பாக்கிப் பூச்சுக்கு மறுபடி அதுதான். நான் வழக்கம்போலக் கோஷம் போடத் தொண்டையைச் செருமினேன். மல்லிகா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அவளும் மற்றப் பெண்களும் போய்ச் சாரத்தின் முன்னால் வரிசையாக நின்றார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. குழாயைக் கழற்ற ஏறிய ஆளைப் பார்த்து மல்லிகா ஒரே ஒரு கேள்வி கேட்டாள், தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி. தலைவர் படத்தைக் கீழே இறக்கச் சொன்னது யார் என்று. அந்த ஆள் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி போனை எடுத்தார். போனில் காண்டிராக்டர் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் "இல்லிங்க, நான் சொல்லலிங்க, நான் சொல்லவே இல்லிங்க" என்று மேஸ்திரி காற்றுக்குக் கும்பிடு போட்டது தெரிந்தது. லாரி வெறுமையாகத் திரும்பியது.

பாக்கிப் பூச்சு முழுவதும் அந்த இரும்புச் சாரத்தில்தான் நடந்தது. படத்துக்குப் பின்னால் பலகைகளில் நின்று பூசினார்கள். தலைவர் முகத்தில் மேலிருந்து அங்கங்கே கலவை தெறித்தது. அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். சுவர் முடிந்த அன்று கோவிந்தன் ஊன்றுகோலோடு வந்து ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். மல்லிகா கடைசிச் சட்டியை இறக்கிவிட்டு, கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு தடவை உலுக்கிப் பார்த்தாள். அது அசையவில்லை. மேலிருந்தபடியே என்னைக் கூப்பிட்டாள். "அண்ணா, உங்க நோட்டீசுல அடுத்த வாட்டி எழுத்தக் கொறச்சிட்டு இவுரு மூஞ்சியப் போடுங்க."

இப்போதெல்லாம் எந்த ஊருக்குச் சாரம் பார்க்கப் போனாலும் என் பையில் துண்டறிக்கைக் கட்டோடு ஒரு பெரிய படமும் மடித்து வைத்திருக்கிறேன். எந்தத் தலைவர் என்பதை மட்டும் அந்த ஊர்க் காண்டிராக்டர் யாருக்குப் பயப்படுகிறார் என்று விசாரித்துக்கொண்டு முடிவு செய்கிறேன்.